விசில் நின்ற பிறகு: ஓடுவதை விட்டுவிட்ட ஒரு பல்கலைக்கழக மாணவி பற்றிய நிகழ்வு ஆய்வு

"மேம், எனக்கு சோம்பேறித்தனம் ஜாஸ்தியாயிடுச்சு. அதுக்கு ஏதாவது வழி இருக்கா?"

முதல் நாள் என் எதிரே வந்து உட்கார்ந்ததும் அந்த மாணவி கேட்ட கேள்வி இது. வேதியியல் இரண்டாம் ஆண்டு, வயது 20. பள்ளியில் 400 மீட்டர் ஓட்டத்திலும் 4×400 தொடர் ஓட்டத்திலும் பள்ளி அணிக்காக ஓடியவர். பல்கலைக்கழகத்தில் சேர்ந்து 14 மாதம் ஆகியிருந்தது. அந்த 14 மாதத்தில் அவர் ஓடியது ஒரே ஒரு நாள்.

நான் மாணவர் ஆலோசனைப் பிரிவில் உளவியல் ஆலோசகராக இருக்கிறேன். உடற்பயிற்சியை விட்டுவிட்டதற்காக யாரும் நேராக என்னிடம் வருவதில்லை. தூக்கம் வரவில்லை, படிப்பில் மனம் ஒன்றவில்லை என்று வருவார்கள். பேச்சுவாக்கில் இது வெளியே வரும். இவர் இதற்காகவே வந்தார். விண்ணப்பப் படிவத்தில் 'பிரச்சினை' என்ற இடத்தில் 'மன உறுதி இல்லை' என்று எழுதியிருந்தார். இந்தக் குறிப்பை அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டிவிடக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

பின்னணி

பள்ளி நாட்களில் அவருடைய காலை, பயிற்சியாளரின் விசிலோடு 5.15-க்குத் தொடங்கும். எத்தனை சுற்று, என்ன வேகம், எப்போது ஓய்வு என்பதையெல்லாம் பயிற்சியாளர்தான் முடிவு செய்வார். ஒரு நாள் வராவிட்டால் மறுநாள் எல்லோர் முன்னாலும் கேள்வி வரும். அணியில் ஆறு பெண்கள்: நான்கு பேர் ஓடுவார்கள், இரண்டு பேர் மாற்று. "யோசிக்கவே வேண்டியதில்ல மேம். கண்ணு முழிக்கும்போது ஓடிட்டுதான் இருப்பேன்" என்றார்.

பல்கலைக்கழக அணிக்கான தேர்வு முதல் மாதத்திலேயே நடந்து முடிந்துவிட்டது. அன்று அவருக்குக் காய்ச்சல். அடுத்த வாய்ப்புக்கு ஓராண்டு காத்திருக்க வேண்டும். அதுவரை தனியாக ஓடலாம் என்று நினைத்தார். ஆய்வக வகுப்பு மாலை 4.30 வரை இழுக்கும். அதற்குப் பிறகு பதிவேடு எழுத வேண்டும். விடுதியில் எல்லாமே புது முகங்கள். இன்றைக்கு, நாளைக்கு என்று ஆறு மாதம் போய்விட்டது.

ஏழாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பள்ளிக் காலத்து ஸ்டாப்வாட்ச் கைக்கடிகாரத்தைக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனார். ஒரே ஒரு சுற்று, அதாவது 400 மீட்டர், ஓடினார். பள்ளியில் அவருடைய சிறந்த நேரம் 64 நொடி. கோட்டைத் தாண்டியதும் பட்டனை அழுத்திப் பார்த்தார்: 98. மைதானத்து ஓரத்தில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் தன்னைக் கவனித்தார்களா என்று கூட அவருக்குத் தெரியாது. "பாத்திருப்பாங்க மேம்" என்று மட்டும் சொன்னார். அறைக்கு வந்து கடிகாரத்தை மேசை இழுப்பறையில் கவிழ்த்து வைத்தார். அன்றிலிருந்து, உணவுக்கூடத்துக்கு மைதானத்தை ஒட்டிப் போகும் குறுக்கு வழியை விட்டுவிட்டு நூலகத்தைச் சுற்றிப் போக ஆரம்பித்தார்.

கடைசியாகச் சொன்ன இந்த விவரம் மூன்றாவது அமர்வில்தான் எனக்குத் தெரியவந்தது. முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். மைதானத்தில் ஆர்வம் போய்விட்டவர் அதைச் சும்மா கடந்து போவார். சுற்றிக்கொண்டு போகிறார் என்றால் அங்கே ஏதோ வலிக்கிறது என்று அர்த்தம்.

முதல் மதிப்பீடு

முதலில் உடம்பைப் பார்த்துவிட வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருப்பேன். சோர்வு என்று வரும் ஒரு பெண்ணை நேராக மனதின் கணக்கில் எழுதிவிடுவது நியாயம் இல்லை. பல்கலைக்கழக மருத்துவரிடம் அனுப்பினேன். ஹீமோகுளோபின் 12 கிராமுக்கு மேல் இருந்தது, தைராய்டும் சரியாக இருந்தது. பந்தயத்துக்காக ஓடியவர் என்பதால் சாப்பாடு, மாதவிடாய் ஒழுங்கு பற்றியும் மருத்துவர் தனியாகக் கேட்டார். உழைக்கும் அளவுக்குச் சாப்பிடாத விளையாட்டு வீரர்களின் ஹார்மோன், எலும்பு எல்லாம் பாதிக்கப்படுவதைச் சர்வதேச ஒலிம்பிக் குழு 2014-இல் ஒரு தனிக் கோளாறாகவே வரையறுத்திருக்கிறது. இவருக்கு அந்தச் சிக்கல் இல்லை. மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 வினாத்தாளில் 10-க்குக் கீழேதான் மதிப்பெண் வந்தது. தூக்கம் மட்டும் தள்ளிப் போயிருந்தது; இரவு 1 மணிக்கு முன்னால் படுப்பதில்லை.

உடல் இயக்கத்தைப் பொறுத்தவரை, கடந்த ஏழு நாளில் செய்ததைக் கேட்கும் ஐபேக் குறுவினாத்தாளை நிரப்பச் சொன்னேன். வகுப்புக்கும் விடுதிக்கும் நடந்த நடையைத் தவிர வேறு எதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2020 வழிகாட்டுதல், 18 முதல் 64 வயது வரை உள்ளவர்கள் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உழைப்பு, அல்லது 75 முதல் 150 நிமிடம் கடுமையான உழைப்பு, கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலுச்சேர்க்கும் பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது. அந்த அளவின் பக்கத்தில்கூட இவர் இல்லை. அவர் ஒருத்தர்தான் இப்படி என்றும் இல்லை. 2022-ஆம் ஆண்டுக் கணக்கின்படி உலகில் வயதுவந்தோரில் 31 சதவீதம் பேர், ஏறத்தாழ 180 கோடிப் பேர், இந்தக் குறைந்தபட்ச அளவை எட்டுவதில்லை. பள்ளியை முடித்துப் பல்கலைக்கழகத்துக்குள் நுழையும் வயது, பலருக்கு இயக்கம் சரிகிற வயது.

நான் செய்த தவறு

இரண்டாவது அமர்விலேயே ஒரு கால அட்டவணை போட்டுக் கொடுத்தேன். காலை 6 மணிக்கு 30 நிமிடம், வாரத்துக்கு 5 நாள், மொத்தம் 150 நிமிடம். கணக்கு அழகாக வந்தது. கட்டங்கள் போட்ட தாளைக் கொடுத்து, செய்த நாளில் டிக் போட்டுக்கொண்டு வரச் சொன்னேன். அவரும் சிரித்த முகத்தோடு வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு நாள் நடந்தது. ஐந்தாம் நாள் பதிவேட்டை ஒப்படைக்க வேண்டியிருந்ததால் விட்டுப்போனது. அதற்கடுத்த இரண்டு சந்திப்புகளுக்கும் அவர் வரவே இல்லை. மூன்று வாரம் கழித்து வந்தவர் உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே பேசினார்.

"உங்க முகத்தப் பாக்கவே கூச்சமா இருந்துச்சு மேம். அந்த ஷீட்ட காட்டணுமே..."

எனக்குச் சுருக்கென்றது. உதவி கேட்டு வந்தவருக்கு நான் கொடுத்தது இன்னொரு விசில். அதுவும் பள்ளியில் கேட்ட விசிலின் பாதி பலம்கூட இல்லாத விசில். அங்கே விசிலோடு ஆறு பேர் கொண்ட அணியும் இருந்தது. நான் கொடுத்த தாளில் கட்டங்கள் மட்டும்தான் இருந்தன.

அந்த அட்டவணை எதையெல்லாம் தானாகவே முடிவு கட்டிக்கொண்டது என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். அவருக்கு விவரம் தெரியாது என்று எடுத்துக்கொண்டது. ஆனால் ஓட்டப் பயிற்சி பற்றி அவருக்குத் தெரிந்ததில் கால்வாசிகூட எனக்குத் தெரியாது. அவருக்கு எண்ணம் போதவில்லை என்றும் எடுத்துக்கொண்டது. எண்ணத்துக்கு அவரிடம் குறைவே இல்லை. உடற்பயிற்சி செய்ய எண்ணுவதையும் உண்மையில் செய்வதையும் ஒப்பிட்ட பத்து ஆய்வுகளை ரயான் ரோட்ஸும் கெர்ட்-யான் டி பிரய்னும் 2013-இல் தொகுத்தார்கள். செய்யப்போகிறேன் என்று எண்ணியவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் செய்யவில்லை. எண்ணத்துக்கும் செயலுக்கும் நடுவில் இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கும்போது, எண்ணத்தின் பக்கத்திலேயே நின்றுகொண்டு 'இன்னும் உறுதியாக எண்ணு' என்று சொல்வதால் என்ன பயன்?

இன்னொன்றும் உண்டு. ஆல்பர்ட் பண்டூரா 1977-இல் முன்வைத்த சுயதிறன் நம்பிக்கை என்ற கருத்து எங்கள் துறையில் எல்லோருக்கும் பாடம். ஒரு காரியம் தன்னால் முடியும் என்று ஒருவர் நம்பினால்தான் அதில் இறங்குவார். அந்த நம்பிக்கைக்கு மிகப் பலமான ஊற்று, முன்பு அதைத் தானே செய்து ஜெயித்த அனுபவம். அப்படிப் பார்த்தால் இவருக்கு நம்பிக்கை நிரம்பி வழிந்திருக்க வேண்டும். பதக்கமே இருக்கிறது. ஆனால் இங்கே அது தலைகீழாக வேலை செய்தது. 'என்னால் முடியும்' என்பது அவருக்கு 64 நொடியோடு ஒட்டிப்போயிருந்தது. அந்த எண்ணுக்கு வெளியே இருந்த மெதுவான ஓட்டம், வெறும் நடை எல்லாமே அவர் கண்ணுக்கு 'முடியவில்லை' என்பதன் சாட்சிகள். இதுவரை ஓடியே பழகாத ஒரு மாணவர் 98 நொடியில் ஒரு சுற்று ஓடியிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். இவருக்கு அதே எண் அவமானம்.

மறுபடியும் கேட்டபோது

அட்டவணைத் தாளை அவர் முன்னாலேயே கிழித்துப் போட்டேன். அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.

பிஆர்இக்யூ-2 என்ற வினாத்தாளைச் சேர்ந்து நிரப்பினோம். ஒருவர் எதற்காக உடற்பயிற்சி செய்கிறார் என்பதைப் பிரித்துக் காட்டுவது அது; 2004-இல் வந்த வடிவம். மற்றவர் வற்புறுத்தலுக்காகவா, செய்யாவிட்டால் குற்ற உணர்வு வரும் என்பதற்காகவா, நல்லது என்று தானே மதிப்பதாலா, செய்வதே பிடித்திருப்பதாலா என்று கேட்கும். குற்ற உணர்வைக் கேட்கும் வரிகள் எல்லாவற்றிலும் அவர் உச்ச எண்ணைப் போட்டார். பிடித்திருக்கிறது என்பதைக் கேட்கும் வரிகளுக்கு வந்ததும் பேனா நின்றுவிட்டது. "இது இப்ப எப்படி இருக்குன்னு கேக்குதா, அப்ப எப்படி இருந்துச்சுன்னா?" என்று கேட்டார்.

"அப்போ எப்படி இருந்துச்சு? அதச் சொல்லுமா."

கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வலது கையைப் பின்னால் நீட்டிக் காட்டினார். "நாலு இன்ட்டு நூறுன்னா திரும்பிப் பாக்காம பேட்டன வாங்கணும் மேம். நாங்க ஓடுனது நாலு இன்ட்டு நானூறு. அதுல திரும்பி, ஓடி வர்றவ முகத்தப் பாத்துக்கிட்டேதான் வாங்குவோம். கடைசி அம்பது மீட்டர்ல அவ முகம் கோணிப் போயிருக்கும். உயிரே போற மாதிரி வருவா. ஆனா என் கைய மட்டும்தான் பாப்பா. அந்த ஒரு செகண்டுக்காகவே ஓடலாம்."

பதினான்கு மாதத்தில் அவர் இழந்தது என்ன என்பது எனக்கு அந்த நிமிடம்தான் புரிந்தது.

எட்வர்ட் டெசியும் ரிச்சர்ட் ரையனும் 1985-இல் நூலாக விரித்துச் சொன்ன சுயநிர்ணயக் கோட்பாடு, ஒரு செயலில் மனம் நிலைத்திருக்க மூன்று தேவைகள் நிறைவேற வேண்டும் என்கிறது: இது என் முடிவு என்ற உணர்வு, இது எனக்குக் கைவருகிறது என்ற உணர்வு, என்னோடு ஆள் இருக்கிறது என்ற உணர்வு. பள்ளியில் அவருக்கு முதலாவது சுத்தமாகக் கிடையாது; முடிவெல்லாம் பயிற்சியாளருடையது. ஆனால் மற்ற இரண்டும் அளவுக்கு மேலேயே கிடைத்ததால் ஓட்டம் நிலைத்தது. பல்கலைக்கழகத்தில் முழுச் சுதந்திரம் கிடைத்தது. அதே நேரத்தில் அந்த இரண்டும் கையைவிட்டுப் போயின. முடிவெடுக்கும் பழக்கமும் அதற்கு முன்னால் வளரவில்லை. அவரை ஓடவைத்த காரணங்கள் எல்லாம் அவருக்கு வெளியேதான் இருந்தன. பெட்டி கட்டிக்கொண்டு விடுதிக்கு வந்தபோது அவை கூட வரவில்லை. மிஞ்சியது, ஓடவில்லையே என்று உள்ளே இடித்துக்கொண்டே இருந்த குற்ற உணர்வு மட்டும். குற்ற உணர்வு ஆளை ஒரு வாரம் ஓடவைக்கும், இரண்டு வாரம்கூட ஓடவைக்கும். அதற்கு மேல் அது ஒளிந்துகொள்ளத்தான் சொல்லும். என் இரண்டு சந்திப்புகளுக்கு அவர் வராமல் போனதும் அதனால்தான்.

மற்றவர் பார்வை பற்றியும் தனியாகப் பேசினோம். உடலமைப்பைப் பிறர் எடைபோடுகிறார்கள் என்ற பதற்றத்தை அளக்க ஹார்ட், லியரி, ரெஜெஸ்கி ஆகியோர் 1989-இல் 12 வரிகள் கொண்ட அளவுகோல் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். மாணவர்களிடம் இதை நான் அடிக்கடி பயன்படுத்துகிறேன்; கண்ணாடி பதித்த உடற்பயிற்சிக் கூடத்துக்குள் கால் வைக்கவே தயங்குபவர்களின் கதை பெரும்பாலும் இதில் வெளியே வந்துவிடும். இவருக்கு அதில் பெரிதாக ஒன்றும் இல்லை. உடம்பு எப்படித் தெரிகிறது என்ற கவலை அவருக்குக் கிடையாது. 'ஓட்டக்காரி' என்று தன்னைத் தெரிந்தவர்கள் தான் மெதுவாக ஓடுவதைப் பார்த்துவிடுவார்களோ என்பதுதான் பயம். விளையாட்டு வீரர் என்பதே ஒருவருடைய முழு அடையாளமாகிவிடும்போது இது வரும். மைதானத்தில் தெரிந்தவர்கள் யாருமே இல்லையே என்று கேட்டேன். "நான் இருக்கேனே மேம்" என்றார்.

மாற்றிப் பிடித்த வழி

அடுத்த அமர்வுக்கு அந்தக் கடிகாரத்தை எடுத்துவரச் சொன்னேன். என் மேசை இழுப்பறையைத் திறந்து, "இங்கேயே இருக்கட்டும், எப்ப வேணும்னாலும் வந்து எடுத்துக்கோ" என்றேன். போனில் இருந்த காலடி எண்ணும் செயலியையும் அவரே நீக்கிவிட்டார். நாளுக்கு 10,000 காலடி என்ற கணக்கே 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த 'மான்போ-கெய்' என்ற காலடி அளக்கும் கருவியின் பெயரிலிருந்து பரவியது என்று சொன்னபோது ஆச்சரியப்பட்டார். 'மான்போ-கெய்' என்றால் பத்தாயிரம் அடி அளப்பான்.

பிறகு ஒரு கேள்வி கேட்டேன். "எதச் செஞ்சா அது பயிற்சியே இல்லன்னு உனக்குத் தோணும்?"

"நடக்குறது" என்றார், யோசிக்காமல்.

அதுவே தொடக்கமானது. எங்கே, எப்போது, யாரோடு என்பதை அவரே முடிவு செய்தார். அறைத்தோழிக்கும் மாலையில் முதுகு வலி, நடக்க வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தாராம். ஆய்வகம் முடிந்து பை தோளில் இருக்கும்போதே, அறைக்குள் நுழையாமல், நூலகத்துப் படிக்கட்டில் தோழியைச் சந்தித்து அங்கிருந்தே நடப்பது என்று முடிவாயிற்று. 'அறைக்குள் நுழையாமல்' என்பது அவர் சேர்த்த நிபந்தனை. கட்டிலைப் பார்த்தால் எழுந்திருக்கவே முடியாது என்பது அவருடைய அனுபவம்.

இப்படி இடத்தையும் நேரத்தையும் ஒரு செயலோடு முடிச்சுப் போட்டுவைப்பதன் பலனைப் பல்கலைக்கழக மாணவர்களை வைத்தே சோதித்திருக்கிறார்கள். 2002-இல் வெளியான மில்ன், ஆர்பெல், ஷீரன் ஆய்வில் 248 மாணவர்கள் மூன்று குழுவாகப் பிரிக்கப்பட்டார்கள். வெறுமனே விடப்பட்ட குழுவில், அடுத்த வாரம் ஒரு முறையாவது 20 நிமிடம் உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இதய நோய் அபாயத்தையும் உடற்பயிற்சியின் நன்மையையும் விளக்கும் குறிப்பைப் படித்த குழுவில் 35 சதவீதம். அதே குறிப்போடு எந்த நாள், எந்த நேரம், எந்த இடம் என்று எழுதியும் கொடுத்த குழுவில் 91 சதவீதம். நடுவில் இருக்கும் அந்த 35-ஐ நான் மறப்பதே இல்லை. மாணவர்களை உட்காரவைத்து நாம் கொடுக்கும் விழிப்புணர்வுப் பேச்சுகள் எல்லாம் அந்தக் கணக்கில்தான் சேரும்.

என் அட்டவணையிலும் நேரமும் இடமும் இருந்தனவே, அது ஏன் பலிக்கவில்லை என்று கேட்கலாம். அது நான் போட்ட முடிச்சு. அவருடைய ஒரு நாள் எப்படி ஓடுகிறது என்றே தெரியாமல் போட்டது. இரவு 1 மணிக்குப் படுப்பவருக்குக் காலை 6 மணி.

நடைக்கு வேகம் குறிக்கவில்லை. பேச்சு மூச்சு வாங்காமல் வர வேண்டும் என்பது மட்டும்தான் விதி. உடற்பயிற்சியின்போது எழும் இன்ப துன்ப உணர்வை நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் பான்டெலெய்மோன் எக்கெகாகிஸ் போன்றவர்கள் காட்டியது இது: மூச்சு இரைக்கும் எல்லையைத் தாண்டியதும் பெரும்பாலோருக்கு உடம்பு தரும் உணர்வு கசக்கத் தொடங்குகிறது. அந்தக் கசப்புதான் அடுத்த நாள் நினைவில் எழுந்து நிற்கும். ஒரு காலத்தில் வாந்தி வரும் வரை ஓடிப் பழகியவருக்கு, சுலபமாக இருப்பதும் கணக்கில் சேரும் என்பதை ஒப்புக்கொள்ளவே இரண்டு வாரம் ஆயிற்று.

இரண்டே இரண்டு எண்களை மட்டும் குறித்துவைக்கச் சொன்னேன், அதுவும் விருப்பம் இருந்தால். கிளம்புவதற்கு முன் 'இன்றைக்கு நடை எப்படி இருக்கும்' என்று ஓர் எண். முடித்த பின் 'எப்படி இருந்தது' என்று ஓர் எண். மைனஸ் 5 முதல் பிளஸ் 5 வரை. நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வந்தார். முதல் நாள் முன்னால் −3, பின்னால் +1. மூன்றாம் நாள் −2, +3. பன்னிரண்டு நாளில் பத்து நாள் பின் எண் பெரிதாக இருந்தது. பக்கத்தை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "தினமும் தப்பாவே சொல்லியிருக்கேன்" என்றார், வியப்போடு. 2011-இல் ரூபி குழுவினர் வெளியிட்ட ஆய்வும் இதைத்தான் கண்டது: உடற்பயிற்சி எவ்வளவு பிடிக்கும் என்பதை மனிதர்கள் முன்கூட்டியே குறைத்து மதிப்பிடுகிறார்கள். தொடக்கத்தில் இருக்கும் அந்தச் சில கசப்பான நிமிடங்களே கண்ணை மறைத்துவிடுகின்றன. நான் எத்தனை முறை சொல்லியிருந்தாலும் அவர் நம்பியிருக்க மாட்டார். அவர் கையெழுத்தில் இருந்ததை நம்பினார்.

98 நொடியைப் பற்றியும் பேச வேண்டியிருந்தது. எட்வர்ட் கோய்ல் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் 1984-இல், நீண்ட நாள் பயிற்சி பெற்ற ஏழு பேரைப் பயிற்சியை நிறுத்தவைத்துப் பார்த்தார்கள். உடல் பயன்படுத்தக்கூடிய ஆக்சிஜனின் உச்ச அளவு முதல் 21 நாளிலேயே 7 சதவீதம் இறங்கியது; 56 நாள் வாக்கில் 16 சதவீதம் இறங்கி அங்கேயே நின்றது. யாராக இருந்தாலும், எவ்வளவு மன உறுதி படைத்தவராக இருந்தாலும், நிறுத்தினால் இறங்கும். ஏழு மாதம் ஓடாத கால் 64 நொடியில் ஓடினால்தான் அதிசயம். இதைக் கேட்டபோது அவர் அழுதார். ஏன் என்று நான் கேட்கவில்லை.

தேர்வு வாரங்கள்

ஐந்து வாரம் நன்றாகப் போயிற்று. ஆறாவது வாரம் இடைத்தேர்வு வந்தது. ஒன்பது நாள் நடை இல்லை.

மன அழுத்தம் கூடும்போது உடல் இயக்கம் குறையும் என்பதைப் பல ஆய்வுகளைத் தொகுத்து ஸ்டல்ட்ஸ்-கொலெமெய்னனும் சின்ஹாவும் 2014-இல் எழுதியிருக்கிறார்கள். உடற்பயிற்சி ஏற்கெனவே ஊறிப்போன சிலர் மட்டும் அழுத்தம் வந்தால் இன்னும் அதிகமாகச் செய்வார்கள். இவருடைய ஐந்து வாரப் பழக்கம் அதற்குப் போதாது. 2010-இல் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரைப் பின்தொடர்ந்தபோது, ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாவதற்கு நடுமதிப்பாக 66 நாள் ஆயிற்று. ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை வேறுபட்டது. ஒரு நாள் விட்டுப்போவதால் பழக்கம் பெரிதாகக் கெடுவதில்லை என்பதையும் அவர்கள் கவனித்தார்கள். ஒன்பது நாள் என்பது வேறு கதை.

நான் பயந்தது இடைவெளிக்காக இல்லை. 'போச்சு, எல்லாம் போச்சு, அடுத்த செமஸ்டர்ல பாத்துக்கலாம்' என்று வரும் அந்த ஒரு வாக்கியத்துக்காக. அது வந்தது. "திங்கட்கிழமைல இருந்து சரியா ஆரம்பிக்கிறேன் மேம்" என்றார். 'சரியா' என்ற சொல்லில் பழைய பயிற்சியாளர் நின்றுகொண்டிருந்தார்.

அதை உடைத்தது நான் இல்லை. தேர்வு முடிந்த அன்று மாலை, அறைத்தோழி செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நின்று "கிளம்பலாமா?" என்று கேட்டிருக்கிறார். ஏன் வரவில்லை, எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு கேள்வியும் இல்லை. இருவரும் நடந்தார்கள். இதை என்னிடம் சொல்லும்போது, "அவ கணக்கே வெச்சுக்கல மேம்" என்று இரண்டு முறை சொன்னார்.

அடுத்த தேர்வுக்கு ஒரு சின்ன ஏற்பாடு செய்துகொண்டார்கள். அந்த நாட்களில் முழு நடை வேண்டாம். நூலகத்தை ஒரு முறை சுற்றி வந்தால் போதும். குறைந்தது பத்து நிமிடம் தொடர்ந்து செய்தால்தான் கணக்கில் சேரும் என்று 2010 வழிகாட்டுதலில் இருந்த நிபந்தனையை உலக சுகாதார நிறுவனம் 2020-இல் எடுத்துவிட்டது. இது எவ்வளவு பெரிய விடுதலை என்பது, எல்லாவற்றையும் முழுசாகச் செய் அல்லது விட்டுவிடு என்று வளர்ந்தவர்களிடம் பேசிப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொருவர்

அதே பருவத்தில் இன்னொரு மாணவரும் வந்தார். அவரும் எந்த உடற்பயிற்சியும் செய்வதில்லை; அவரும் 'சோம்பேறித்தனம்' என்றுதான் சொன்னார். ஆனால் அவர் பள்ளியில் கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட பையன். இரண்டு அணித் தலைவர்களும் ஆள் பிரித்து முடித்தபின் மிஞ்சி நிற்பவர். அவருக்கு 64 நொடி என்று ஒன்று கிடையாது. கையில் ஒரு வெற்றிகூட இல்லை. அவருக்குத் துணையோடு நடப்பது உதவவில்லை, கூட ஆள் வந்தாலே ஒப்பிடத் தொடங்கிவிடுவார். அறைக்கதவைச் சாத்திக்கொண்டு, தன் உடம்பின் எடையையே வைத்துத் தசைப் பயிற்சி செய்வது அவருக்குப் பிடித்தது. வாராவாரம் எண்ணிக்கை ஏறுவதைக் குறித்துவைப்பதுதான் அவரைத் தொடரவைத்தது. ஒருவரிடமிருந்து எண்ணைப் பிடுங்க வேண்டியிருந்தது. இன்னொருவருக்கு எண்ணைக் கொடுக்க வேண்டியிருந்தது.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. உடற்தகுதி வகுப்பைக் கட்டாயமாக்கி வருகைப்பதிவு எடுக்கலாமா என்று பல்கலைக்கழகங்களில் அடிக்கடி பேச்சு எழும். வருகை கூடும், சந்தேகமில்லை. ஆனால் முதல் மாணவிக்கு அது மறுபடியும் விசில். இரண்டாமவருக்கு மறுபடியும் வரிசையில் கடைசி இடம். மதிப்பெண் கிடைத்த மறுநாள் இருவரும் நிறுத்திவிடுவார்கள் என்றே நான் நினைக்கிறேன்.

இந்த ஆய்வின் எல்லை

இது ஒரே ஒருவருடைய கதை. இயக்கத்தை அளந்ததும் பெரும்பாலும் அவர் சொன்னதை வைத்துத்தான். தாமே சொல்லும் கணக்கில் மனிதர்கள் கூட்டிச் சொல்வது வழக்கம். கருவி கட்டி அளந்திருக்கலாம். ஆனால் அளவிலிருந்து விடுபடுவதே சிகிச்சையாக இருந்ததால் நான் அதைச் செய்யவில்லை, அதில் எனக்கு வருத்தமும் இல்லை.

மனக் காரணங்களைப் பற்றி எழுதும்போது ஒரு ஆபத்து எப்போதும் உண்டு: எல்லாவற்றையும் மாணவர் தலையிலேயே கட்டிவிடுவது. இவருக்கு விளக்கு வெளிச்சம் உள்ள பாதை இருந்தது, ஆரோக்கியமான கால்கள் இருந்தன, கணக்கு வைக்காத ஒரு தோழி இருந்தார். இருட்டுப் பாதையில் தனியாக நடக்கப் பயப்படும் பெண்ணின் பயம் மனத்தடை அல்ல, அது சரியான கணிப்பு. அவருக்கு ஆலோசனை தேவையில்லை, விளக்குக் கம்பம்தான் தேவை. படிப்போடு இரவு வேலையும் பார்க்கும் மாணவர் 'நேரமே இல்லை' என்று சொன்னால் அதைச் சாக்கு என்று எடுத்துக்கொள்ளும் உரிமை எனக்கு இல்லை.

இப்போதைய நிலை

ஐந்து மாதம் ஆகிறது. வாரத்தில் நான்கு நாள், சில வாரம் மூன்று நாள் நடக்கிறார்கள். மைதானத்தை ஒட்டிய குறுக்கு வழியில் மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டார். எப்போதிலிருந்து என்று கேட்டால் அவருக்கே நினைவில்லை. ஒரு மாலை மழை வந்தபோது விடுதி வரை இருவரும் ஓடியிருக்கிறார்கள். அதை ஓட்டம் என்று அவர் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அணித் தேர்வுக்கு இந்த ஆண்டும் பெயர் கொடுக்கவில்லை. அடுத்த ஆண்டு கொடுப்பாரா என்று நான் கேட்பதில்லை.

செமஸ்டர் தேர்வுக்கு முந்தைய வாரம் என் கதவைத் தட்டினார்.

"மேம், அந்த வாட்ச் வேணும்."

எனக்கு ஒரு நொடி திக்கென்றது. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"எக்ஸாம் ஹாலுக்குள்ள போன் எடுத்துட்டுப் போகக் கூடாது மேம். டைம் பாக்கணும்."

இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பேட்டரி தீர்ந்து திரை வெறுமையாக இருந்தது. "மாத்திக்கிறேன்" என்று பையில் போட்டுக்கொண்டு, வாசலில் காத்திருந்த தோழியோடு படியிறங்கிப் போனார்.